வாசகர் கேள்வி – பதில்: ஊசி போட்ட ஊருக்குள் சின்னமுத்து எப்படி நுழைகிறது?

தடுப்பூசி இயக்கங்கள் நோய்ப் பரவலை எப்படி மாற்றுகின்றன என்பது குறித்துத் திருகோணமலை மாவட்ட வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டோம். பெயர்களை விட்டு ஊர்களை மட்டும் தருகிறோம்.

கேள்வி: இலங்கையில் சின்னமுத்து (தட்டம்மை) ஒழிக்கப்பட்டுவிட்டது என்று 2019இல் உலக சுகாதார நிறுவனமே உறுதிப்படுத்தியது. எங்கள் பகுதியில் ஊசி போடாத பிள்ளையைத் தேடிக் கண்டுபிடிப்பதே கஷ்டம். அப்படியிருக்க 2023இல் அந்த நோய் எப்படித் திரும்பி வந்தது? ஊசியின் வீரியம் குறைந்துவிட்டதா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், உப்புவெளி

பதில்: ஊசியின் வீரியம் குறையவில்லை, ஐயா. 2019இல் உறுதிப்படுத்தப்பட்டது, நாட்டுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்கென்று இடையறாது ஓடிக்கொண்டிருந்த தொற்றுச் சங்கிலி அறுந்துவிட்டது என்பதே. வைரஸ் உலகின் பல நாடுகளில் இன்னும் இருக்கிறது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் வந்து இறங்கும் எந்தப் பயணியோடும் அது உள்ளே வரலாம். வந்தது அணைந்துபோகுமா, பற்றிக்கொள்ளுமா என்பது அந்தப் பயணியைச் சந்திப்பவர்களில் எத்தனை பேர் பாதுகாப்பு இல்லாதவர்கள் என்பதைப் பொறுத்தது.

யாருக்குமே எதிர்ப்புச் சக்தி இல்லாத ஓர் ஊரில் ஒரு சின்னமுத்து நோயாளி 12 முதல் 18 பேர் வரை தொற்றவைப்பார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நோயாளி எழுந்து போன பிறகும் மூடிய அறையின் காற்றில் இரண்டு மணி நேரம் வரை வைரஸ் தங்கியிருக்கக் கூடும் என்பதால், கொழும்பிலிருந்து வரும் இரவு பஸ்ஸில் ஒருவருக்கு நோய் இருந்தால் பக்கத்து இருக்கைக்காரர் மட்டுமன்றி உள்ளே இருப்பவர்கள் அனைவருமே அதன் எல்லைக்குள் வருகிறார்கள். நடுவாக 15 பேர் என்று வைத்துக்கொள்வோம். அந்த 15 பேரில் 14 பேர் ஏற்கெனவே பாதுகாக்கப்பட்டிருந்தால் ஒரு நோயாளி இன்னொருவரை மட்டுமே உருவாக்குவார்; அதைவிடக் கூடுதலானோர் பாதுகாக்கப்பட்டிருந்தால் சங்கிலி தானாகத் தேய்ந்து மறையும். அதாவது நூற்றுக்கு 93 பேருக்கு மேல் பாதுகாப்பு வேண்டும்.

இனிச் சிறிது கணக்குப் பார்ப்போம். ஆசிரியராக இருந்த உங்களுக்கு இது சிரமமாக இராது. ஒன்பதாம் மாதத்தில் போடும் முதலாவது ஊசி, தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் சில குழந்தைகளின் உடலில் அப்போதும் மிஞ்சியிருப்பதால், நூற்றுக்கு 85 பேரளவில்தான் முழுப் பலனைத் தருகிறது. மூன்று வயதில் இரண்டாவதையும் போட்டால் பலன் 97 பேர் வரை உயர்கிறது. ஓர் ஆண்டில் ஆயிரம் பிள்ளைகள் பிறக்கும் ஒரு பிரதேசத்தில் 950 பேர் இரண்டு ஊசிகளையும் தவறாமல் போட்டுக்கொண்டதாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 950 பேரில் பாதுகாப்புப் பெற்றவர்கள் ஏறக்குறைய 921 பேர். ஆகவே நூற்றுக்கு 95 பேருக்கு ஊசி போட்டிருந்தும் பாதுகாப்பு 92இல் நிற்கிறது, எல்லைக்கோட்டைத் தொடவில்லை. மீதி 79 பேரும் நோயைச் சந்திக்காமலே வளர்கிறார்கள். அடுத்த ஆண்டில் இன்னொரு 79 பேர் சேர்கிறார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகளில் அந்தப் பிரதேசத்தில் ஓர் ஆண்டில் பிறக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கைக்குச் சமமான ஒரு கூட்டம், யார் கண்ணிலும் படாமல், பாதுகாப்பின்றித் திரண்டுவிடுகிறது. நோய் இல்லாத ஆண்டுகள் இந்தக் கூட்டத்தைக் குறைப்பதில்லை, வளர்க்கின்றன.

எமது நாட்டின் ஊசி வீதம் இந்த உதாரணத்தைவிட நல்லது. ஆயினும் 2023இல் நோய் யாரைப் பிடித்தது என்று பார்த்தால், ஊசிக்குரிய ஒன்பது மாத வயதை இன்னும் எட்டாத குழந்தைகளும், இருபது வயதுகளில் இருந்த இளைஞர்களுமே அதில் முக்கியமாகத் தென்பட்டனர். மூன்று வயதில் இரண்டாவது ஊசி போடும் வழக்கம் 2001இல்தான் அட்டவணைக்குள் வந்தது என்பதால், அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் பிறந்தவர்களில் ஒரு பகுதியினர் ஒரே ஊசியோடு நின்றுவிட்டனர். கைக்குழந்தைகளின் நிலை வேறு. சிறுவயதில் நோய் வந்து தேறிய பாட்டிமாரின் உடலில் இருந்த எதிர்ப்பொருளைவிட, ஊசியால் மட்டும் பாதுகாப்புப் பெற்ற இன்றைய தாய்மாரின் எதிர்ப்பொருள் அளவில் குறைவு. எனவே அவர்களுடைய குழந்தைகளுக்குக் கருவிலேயே கிடைக்கும் பாதுகாப்பும் சில மாதங்கள் முந்தியே கரைந்துவிடுகிறது. ஊசி வெற்றிபெற்றதன் விளைவாகவே தோன்றிய இடைவெளி இது.

இந்த இடத்தில்தான் வழமையான கிளினிக் ஊசிக்கும் விசேட இயக்கத்துக்கும் உள்ள வேறுபாடு புலப்படும். கிளினிக் ஊசி பாதுகாப்பற்றோர் கூட்டம் வளரும் வேகத்தைக் குறைக்கிறது; இயக்கமோ திரண்டுவிட்ட கூட்டத்தைச் சில நாட்களுக்குள் கரைக்கிறது. 2024 ஜனவரியில் தெரிந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களில் 6 மாதம் முதல் 9 மாதம் வரையான குழந்தைகளுக்கு ஒரு மேலதிக ஊசி போடப்பட்டது மேற்சொன்ன இடைவெளியை அடைப்பதற்காகவே. இதற்கு முன்னும் ஒரு பாடம் இருக்கிறது. 2011இல் முதலாவது ஊசியின் வயது ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குத் தள்ளப்பட்டது. பிந்திப் போட்டால் பலன் கூடும் என்ற நியாயம் அதில் இருந்தது. 2013, 2014 ஆண்டுகளில் பெரும் பரவல் வந்து ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைகளை வாட்டியபின், 2015இல் அது மீண்டும் ஒன்பதாம் மாதத்துக்குக் கொண்டுவரப்பட்டது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே நல்லதாகத் தோன்றும் வயது, நோய் ஊருக்குள் நிற்கும்போது ஊருக்கு நல்ல வயதாக இருப்பதில்லை.

கேள்வி: அம்மாள் வருத்தம் என்று வேப்பிலை செருகி, வீட்டுக்கு ஆட்களை வரவிடாமல் வைத்திருப்பது எங்கள் வழக்கம். அதனாலும் நோய் பரவாமல் நிற்கும்தானே?
— குடும்பத் தலைவி, சாம்பல்தீவு

பதில்: ஓரளவுக்கு நிற்கும், அம்மா, ஆட்களை விலக்கி வைப்பது நல்ல வழக்கம்தான். ஆனால் சின்னமுத்து உடலில் பூப்பதற்கு நான்கு நாள் முன்னரே நோயாளி பிறருக்குத் தொற்றவைக்கத் தொடங்கிவிடுகிறார். அந்த நாட்களில் இருப்பது காய்ச்சலும் இருமலும் கண் சிவப்பும் மட்டுமே என்பதால் பிள்ளை பாலர் பாடசாலைக்கும் போயிருக்கும், சல்லி அம்மன் கோயில் பொங்கலுக்கும் போயிருக்கும். வேப்பிலை வாசலில் ஏறும்போது தொற்று வீட்டைவிட்டுப் போய்விட்டது. நோயாளியோடு பழகிய, ஊசி போடாத பிள்ளைக்கு 72 மணித்தியாலங்களுக்குள் ஊசி போட்டால் நோயைத் தடுக்கவோ தணிக்கவோ வாய்ப்பு உண்டு. ஆகவே குடும்பநல உத்தியோகத்தருக்குச் சொல்லி அனுப்புவதை வேப்பிலை கட்டும் அதே நாளில் செய்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஒழுங்கையில் ஒரு குடும்பம் பிள்ளைகளுக்கு ஊசி போடுவதில்லை. அந்தப் பிள்ளைகள் நல்ல சுகமாகவே இருக்கிறார்கள். மற்ற எல்லோரும் போட்டால் ஒருசிலர் போடாமல் விடலாம் என்பது உண்மையா?
— ஒரு தாய், கிண்ணியா

பதில்: அந்தப் பிள்ளைகள் சுகமாக இருப்பதற்கு உங்கள் பிள்ளைகளின் ஊசியும் ஒரு காரணம், சகோதரி. சுற்றியிருப்போர் அனைவரும் பாதுகாக்கப்பட்டிருக்கையில் நோய் அந்த வீட்டு வாசலை அடைய வழி கிடைப்பதில்லை. இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பிள்ளை, ஒன்பது மாதம் ஆகாத குழந்தை போன்று ஊசி போட முடியாதவர்களுக்கென்று இருக்க வேண்டிய இடம் அது. அதை விரும்பி எடுத்துக்கொள்பவர்கள் கூடினால் இடம் போதாமல் போகும்.

எண்ணிக்கையைவிட இங்கே முக்கியமானது, ஊசி போடாதவர்கள் எப்படிச் சிதறியிருக்கிறார்கள் என்பது. கரைவலையில் மொத்தமாக எத்தனை கண்கள் அறுந்திருக்கின்றன என்று எந்தச் சம்மாட்டியும் எண்ணுவதில்லை. அவை ஓரிடத்தில் சேர்ந்து அறுந்திருக்கின்றனவா என்றுதான் பார்ப்பார். மாவட்டம் முழுவதும் நூற்றுக்கு ஐந்து பேர் அங்கொருவர் இங்கொருவராக இருந்தால் நோய்க்கு நடக்கப் பாதை கிடைப்பது அரிது. அதே ஐந்து பேர் ஒரே ஒழுங்கையில், ஒரே உறவுக்குள், ஒரே பாடசாலையில் சேர்ந்திருந்தால், மாவட்டச் சராசரி 95 என்று அறிக்கை சொல்லிக்கொண்டிருக்கையிலேயே அங்கே நோய் பற்றும். நெதர்லாந்தில் இது நடந்தது. தேசிய அளவில் ஊசி வீதம் 95க்கு மேல் இருந்த அந்த நாட்டில், சமயக் காரணத்தால் ஊசியை மறுக்கும் சமூகத்தார் நெருக்கமாக வாழும் ஊர்களில் 2013, 2014 ஆண்டுகளில் சின்னமுத்து பரவி, ஏறத்தாழ 2,700 நோயாளிகள் பதிவாயினர். ஊசி வீதத்தை மாவட்டமாகப் பார்க்காமல் கிராம சேவையாளர் பிரிவாகப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இன்னொன்று. மற்றவர்களின் ஊசியில் ஒதுங்கிக்கொள்வது எல்லா நோய்க்கும் சாத்தியமில்லை. ஏற்புவலி (டெட்டனஸ்) கிருமி மண்ணிலிருந்து காயத்துக்குள் வருகிறது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பன்றியிடமிருந்தும் நீர்ப்பறவைகளிடமிருந்தும் நுளம்பு வழியாக வருகிறது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் போவதில்லை. ஊரில் ஒருவர் தவிர அனைவரும் ஊசி போட்டிருந்தாலும், அந்த ஒருவருக்கு இந்த நோய்களிலிருந்து யாதொரு பாதுகாப்பும் இல்லை.

கேள்வி: யுத்தம் நடந்த காலத்தில், குறித்த ஒரு நாளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் போலியோ சொட்டு மருந்து கொடுத்தார்கள். ஏற்கெனவே கிளினிக்கில் குடித்த பிள்ளைகளையும் கூட்டி வரச் சொன்னார்கள். அன்று அதன் காரணம் விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை.
— தாத்தா ஒருவர், மூதூர்

பதில்: இந்தத் தொகுதியில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி உங்களுடையது. தேசிய நோய்த்தடுப்பு நாட்கள் என்ற பெயரில் 1995 முதல் நடைபெற்றவை அவை. யுனிசெப்பின் முயற்சியோடு அந்த நாட்களுக்கென்று துப்பாக்கிகள் ஓய்ந்திருக்க ஏற்பாடாகி, வடக்கிலும் கிழக்கிலும் மருந்துப் பெட்டிகள் போர்முனைக் கோடுகளைக் கடந்து சென்றன. நாட்டின் கடைசிப் போலியோ நோயாளி 1993இல் பதிவானவர். நோயே இல்லாதபோது எதற்கு இவ்வளவு பாடு என்று அன்றும் சிலர் கேட்டிருப்பார்கள்.

போலியோ வைரஸ் வளர்வது குடலில், வெளியேறுவது மலத்தோடு. தொற்றிய பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோருக்கு ஒரு குறியும் தெரியாது. ஏறக்குறைய இருநூறு பேரில் ஒருவருக்குத்தான் கால் விழுகிறது, அதாவது செயலிழக்கிறது. எனவே கால் விழுந்த பிள்ளை ஒன்றுகூட இல்லாத ஊரிலும் வைரஸ் ஒரு கழிவறையிலிருந்து இன்னொன்றுக்கு நடந்துகொண்டிருக்கலாம். இதை நிறுத்த வழி, ஐந்து வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளின் குடலையும் ஏககாலத்தில் அடைத்துவிடுவது. சொட்டு மருந்தில் இருப்பது வலுவிழக்கச் செய்யப்பட்ட உயிருள்ள வைரஸ். அது குடலில் போய் உட்கார்ந்துகொண்டு, இயற்கையில் பரவும் வைரஸான காட்டு வைரஸுக்கு இடம் கொடுப்பதில்லை. ஒரே நாளில் ஊர் முழுவதும் இது நடந்தால், காட்டு வைரஸ் ஒரு பிள்ளையிடமிருந்து வெளியேறி அடுத்த பிள்ளையைத் தேடுகையில் எல்லா இடமும் நிரம்பியிருக்கும். சில கிழமைகள் தங்க இடம் கிடைக்காவிட்டால் அது அழிந்துபோகும். ஏற்கெனவே குடித்த பிள்ளையைக் கூப்பிட்டதும் இதற்காகவே: ஒன்றிரண்டு தடவை குடித்தும் சிலருக்குப் பலன் பிடிப்பதில்லை, அவர்கள் யார் என்று பார்த்து அறியவும் முடியாது. எனவே விலக்கு இல்லாமல் எல்லோருக்கும் மீண்டும் கொடுப்பதே சுருக்கமான வழி. ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாகக் கொடுத்த அதே அளவு மருந்தால் இந்தப் பலன் வராது.

சொட்டு மருந்துக்கு மற்றொரு குணமும் உண்டு. குடித்த பிள்ளையின் மலத்தோடு மருந்து வைரஸும் வெளியேறி, குடிக்காத பிள்ளைக்கும் போய்ச் சேர்ந்து பாதுகாப்பைக் கொடுக்கக்கூடும். நல்லதுதான், ஆனால் ஊசி வீதம் மிகக் குறைந்த நாடுகளில் அந்த மருந்து வைரஸ் நீண்ட காலம் பிள்ளைக்குப் பிள்ளை மாறி மாறிச் சென்று, இழந்த வலுவை மீளப் பெற்று, கால்களை விழுத்தத் தொடங்கியதும் உண்டு. இரண்டாம் வகைக் காட்டு வைரஸ் ஒழிந்துவிட்டதாக 2015இல் அறிவிக்கப்பட்டதையடுத்து, 2016 ஏப்ரலில் உலகெங்கும் சொட்டு மருந்திலிருந்து அந்த வகை நீக்கப்பட்டதும், ஊசியாகப் போடும் போலியோ மருந்து அட்டவணைகளில் சேர்க்கப்பட்டதும் இந்த ஆபத்தை எண்ணியே. இலங்கையை உள்ளடக்கிய தென்கிழக்கு ஆசியப் பிராந்தியம் 2014 மார்ச் 27இல் போலியோ அற்றதாகச் சான்றளிக்கப்பட்டது.

கேள்வி: தடுப்பூசி இயக்கம் ஒன்று நோயின் பாதிப்பை அதிகரிக்கவும் கூடுமா? ஊசியை எதிர்ப்பவர்கள் இப்படிச் சொல்லும்போது என்னால் பதில் சொல்ல முடியவில்லை.
— பல்கலைக்கழக மாணவி, திருகோணமலை நகர்

பதில்: கூடும், மகள். அதை மறைத்துப் பேசுவதால்தான் எதிர்ப்பவர்களின் கை ஓங்குகிறது.

ருபெல்லாவை எடுத்துக்கொள்வோம். பிள்ளைகளுக்கு அது ஓரிரு நாள் காய்ச்சலும் சிறு தடிப்பும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் தாய்க்கு வந்தாலோ குழந்தை கண்புரை, செவிடு, இருதயக் கோளாறு ஆகியவற்றோடு பிறக்கக்கூடும். இதை 1941இல் முதலில் கண்டறிந்து சொன்னவர் அவுஸ்திரேலியக் கண் வைத்தியர் நோர்மன் கிரெக். இனி, பாதிப் பிள்ளைகளுக்கு மட்டும் ஊசி போடும் ஒரு நாட்டைக் கற்பனை செய்யுங்கள். நோய் நிற்காது, ஆனால் ஓட்டம் மெதுவாகும். முன்பு ஆறு வயதில் நோய் வந்து வாழ்நாள் முழுவதுக்கும் பாதுகாப்புப் பெற்றிருக்கக்கூடிய ஊசி போடாத சிறுமி, இப்போது நோயைச் சந்திக்காமலே இருபத்தைந்து வயதை அடைந்து, கர்ப்பிணியாக இருக்கையில் அதைச் சந்திக்கிறாள். நோயாளிகளின் தொகை குறைகிறது, அங்கவீனத்தோடு பிறக்கும் குழந்தைகளின் தொகை கூடுகிறது. கிரேக்க நாட்டில் 1970களின் நடுவிலிருந்து பரவலான இலக்கு எதுவுமின்றி இந்த ஊசி போடப்பட்டு, வீதம் நீண்ட காலம் பாதிக்கும் கீழேயே கிடந்தது. 1993இல் இளவயதினரிடையே ருபெல்லா பரவி, அதனால் பாதிக்கப்பட்டுப் பிறந்த 25 குழந்தைகள் உறுதிசெய்யப்பட்டனர்.

இலங்கை வேறு ஒழுங்கில் சென்றது. 1996இல் கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கு முதலில் ஊசியைக் கொடுத்து, தாய்மாரைப் பாதுகாத்த பிறகே 2001இல் சிறு பிள்ளைகளின் அட்டவணைக்குள் அதைக் கொண்டுவந்தது. 2020இல் ருபெல்லா ஒழிப்பும் உறுதிப்படுத்தப்பட்டது. இயக்கத்தின் வெற்றி தோல்வியை ஊசி மாத்திரம் தீர்மானிப்பதில்லை. யாருக்கு முதலில், எவ்வளவு பேருக்கு என்ற திட்டமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

2017இல் எங்கள் மாவட்டத்தை, குறிப்பாகக் கிண்ணியாவை, டெங்கு உலுக்கியது நினைவிருக்கும். டெங்குவுக்கு ஏன் இப்படியோர் இயக்கம் இல்லை என்று பலர் கேட்கிறார்கள். பிலிப்பைன்ஸில் 2016 ஏப்ரலில் அப்படி ஒன்று ஆரம்பித்து எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஊசி போட்டார்கள். முன்பு டெங்கு ஒருபோதும் வராத பிள்ளைக்கு அந்த ஊசியே முதல் தொற்றுப் போல அமைந்து, பின்னர் உண்மையான டெங்கு வரும்போது அதைக் கடுமையாக்கக்கூடும் என்பது 2017 நவம்பரில் வெளிவந்தது, இயக்கம் நிறுத்தப்பட்டது. அதன் அடி டெங்குவோடு நிற்கவில்லை. பெற்றோரின் நம்பிக்கை குலைந்து, பிற ஊசிகளுக்கும் பிள்ளைகளைக் கொண்டுவருவது குறைந்தது. 2019இல் அந்நாட்டில் சின்னமுத்து பெருமளவில் பரவியதற்கும், அதே ஆண்டு செப்டெம்பரில் போலியோ மீண்டும் தலைகாட்டியதற்கும் இது ஒரு காரணம். உங்களோடு வாதிடுபவர்களிடம் இதையும் சொல்லுங்கள்: ஊசியின் குறையைக் கண்டுபிடித்ததும் அதே ஆய்வு முறைதான், ஊசியை நிறுத்தியபின் பிள்ளைகளைக் கொன்றது ஊசி போடாத நோய்தான்.

கேள்வி: கோவிட் ஊசி மூன்று தடவை போட்டும் எனக்கு நோய் வந்தது. சின்னமுத்துக் கணக்கு இதற்குப் பொருந்தாதா?
— கடை உரிமையாளர், தம்பலகாமம்

பதில்: பொருந்தாது. சின்னமுத்து உடலில் புகுந்து வெளிப்பட இரண்டு கிழமை வரை எடுக்கும். அதற்குள் உடல் பழைய பாடத்தை நினைவுகூர்ந்து எழுந்துவிடும். கோவிட் சில நாட்களுக்குள் மூக்கிலும் தொண்டையிலும் பெருகிப் பிறருக்குப் போய்விடுகிறது. உருவையும் அடிக்கடி மாற்றிக்கொள்கிறது. ஆகவே அந்த ஊசி பரவலைச் சில மாதங்களுக்கு ஓரளவு குறைத்தது. மரணத்தைத்தான் பெரிதும் குறைத்தது. பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. ஊசியும் இவ்வாறே: சிறு பிள்ளைகளை மூளைக்காய்ச்சல் வடிவிலான காசநோயிலிருந்து காக்கும், பெரியவர்களிடையே காசம் பரவுவதைத் தடுக்காது.

கேள்வி: குறித்த நாளில் கிளினிக்குக்குப் போக முடியாமல் மறுநாள் போனால், அடுத்த கிளினிக் நாளில் வரச் சொல்கிறார்கள். மருந்து இருந்தும் ஏன் தருவதில்லை? பெரியவர்களாகிய நாங்களும் ஊசி போடலாமா?
— இளம் தாய், ஈச்சிலம்பற்று

பதில்: சின்னமுத்து ஊசி மருந்து உலர்ந்த தூளாக வருகிறது. பல பிள்ளைகளுக்குரிய ஒரு குப்பியைத் திறந்து திரவத்தைக் கலந்துவிட்டால் ஆறு மணித்தியாலங்களுக்குள் முடிக்க வேண்டும்; மிஞ்சுவதை எறிந்துவிட வேண்டும். ஒரு பிள்ளைக்காக ஒரு குப்பியைத் திறந்தால் மற்றவர்களின் பங்கு வீணாகும் என்பதே உத்தியோகத்தர்களின் தயக்கம். ஆயினும் ஈச்சிலம்பற்றிலிருந்து பஸ் ஏறி வந்த தாயைத் திருப்பி அனுப்புவது அதைவிடப் பெரிய நட்டம் என்பது என் எண்ணம். அவர் திரும்பி வராமல் போவதும் உண்டு. வீணாகும் மருந்துக்கும் ஒரு கணக்கு ஒதுக்கித்தான் திட்டமிட வேண்டும். குப்பியில் வட்டத்துக்குள் ஒரு சிறு சதுரம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சூடு பட்டால் அந்தச் சதுரம் கறுத்துக்கொண்டு வரும்; வட்டத்தின் நிறத்தை அடைந்துவிட்டால் அந்த மருந்து கழிக்கப்பட வேண்டியது. ஐஸ் பெட்டியில் வரும் மருந்து வெயிலில் கெட்டிருக்குமோ என்று பயப்படுபவர்கள் அதைக் காட்டும்படி கேட்கலாம்.

பெரியவர்களில், இரண்டு ஊசி போட்டதற்குப் பதிவு இல்லாதவர்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரித்துப் போட்டுக்கொள்ளலாம். முன்பே போட்டிருந்து மறந்துபோனவருக்கு மேலும் ஒன்று போடுவதால் கெடுதல் இல்லை. கர்ப்பிணிகளும், புற்றுநோய்ச் சிகிச்சை போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி மிகக் குன்றியவர்களும் இதைப் போடக்கூடாது. போட்டுக்கொண்ட பெண்கள் ஒரு மாதத்துக்குக் கருத்தரிப்பதைத் தள்ளிப்போட வேண்டும். பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய் தாராளமாகப் போடலாம்.